மாஸி 135 லிஃப்ட்: வெலிமடை வயலில் பல வருடப் பாவனை அனுபவம்

பெரும்போகத்துக்கு நெல், சிறுபோகத்துக்கு அதே வயலில் உருளைக்கிழங்கு. இலங்கை மலைநாட்டில், வெலிமடைப் பக்கத்தில் இது வழக்கம். இரண்டுக்கும் எங்களிடம் ஓடுவது மாஸி பெர்குசன் 135 டிராக்டர். 1964இல் வெளிவந்த மொடல், பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். எஞ்சினில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவ்வப்போது வேலை வைப்பது பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்ட்தான். கலப்பை எழவில்லை என்றதுமே "பம்ப் போச்சு" என்று கராஜில் சொல்லிவிடுவார்கள். பம்பின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இத்தனை வருடத்தில் எங்கள் வண்டியில் கெட்டதெல்லாம் பெரும்பாலும் ஒயிலும், அது கசியாமல் தடுக்கும் சீலும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒயிலை அழுத்தி லிஃப்ட்டைத் தூக்க வைப்பது பம்ப். இந்த வண்டியில் அது வெளியே தெரியாது. பின் அக்சில் கூட்டுக்குள் கியர் ஒயிலில் மூழ்கிக் கிடக்கும். கியருக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே ஒயில், சுமார் 30 லீற்றர். பின்னால் மாட்டும் கருவிகளுக்கு எஞ்சினின் சுழற்சியைக் கொடுக்கும் பிடிஓ தண்டுதான் பம்பையும் சுற்றுகிறது. இரட்டைக் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், அடிவரை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மலைநாட்டில் லிஃப்ட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். மழையும் பனிமூட்டமும் கியர் கம்பியின் அடியில் இருக்கும் றப்பர் உறை வழியாக உள்ளே போய்விடும். பின்னால் டொப் லிங்க் (கலப்பையை மேல்பக்கத்தில் பிடிக்கும் தண்டு) மாட்டும் இடத்தில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, அதன் றப்பர் உறை கிழிந்தாலும் இதே கதைதான். ஒயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. 2022இல் டீசல் இல்லாமல் வண்டிகள் நாட்கணக்கில் சும்மா நின்றபோது பலருக்கும் இப்படி ஆனது. ஒயிலை மாற்றுவதற்கு முன் இரவு முழுக்க வண்டியை அசைக்காமல் விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் அடியிலிருக்கும் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் தனியாக ஒழுகும், அதன் பின்னால்தான் ஒயில் வரும். தண்ணீரோடு சேர்ந்த கசடு பம்பின் உறிஞ்சு வலையை அடைத்துவிடும், அதையும் கழுவ வேண்டும். ஒயிலை மட்டும் மாற்றி, கிழிந்த உறையை அப்படியே விட்டால் அடுத்த மழைக்கே செலவு திரும்ப வரும்.

எங்கள் மெக்கானிக் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, காலையில தூக்குதா? மதியம் தூக்குதா?" அவ்வளவு நல்ல கேள்வி அது. இங்கே விடியற்காலைக் குளிரில் ஒயில் தடிப்பாக இருக்கும். அப்போது ரொட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) நன்றாகத் தூக்கி, சூடேறிய பிறகு திணறினால் எங்கோ அழுத்தம் கசிகிறது. சீல்களைச் சந்தேகிக்கலாம். மாறாக, குளிரில் மந்தமாக இருந்து சூடானதும் சரியாகிவிட்டால் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். வலை அடைத்திருக்கும், அல்லது ஊற்றிய ஒயில் தடிப்பு கூடியதாக இருக்கும்.

கசிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த வண்டியின் மிகப் பெரிய வசதி அது. கொஞ்சம் ஒயிலை வடித்துவிட்டு வலது பக்கத்து மூடியைக் கழற்றி, பாரம் மாட்டித் தூக்கி, டோர்ச் அடித்துப் பாருங்கள். லிஃப்ட் சிலிண்டரின் வாயிலிருந்து ஒழுகினால் பிஸ்டன் சீல் கெட்டிருக்கிறது. பம்பிலிருந்து மேலே போகும் நிமிர்ந்த குழாயின் அடியில் பீய்ச்சினால் அதன் ஓ ரிங், அதாவது றப்பர் வளையம். உள்ளே தண்டு சுற்றிக்கொண்டிருக்கும், கையை விடவே கூடாது. கலப்பை விழக்கூடிய இடத்தில் யாரும் நிற்கவும் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள்.

எங்கள் வண்டியில் கெட்டது அந்தக் குழாயின் ஓ ரிங். எஞ்சினை நிறுத்தியதும் ரொட்டவேட்டர் இறங்கிவிடும். எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் இறங்கும், தானாக ஏறும், மறுபடி இறங்கும். இந்தக் குழாய்க்காக லிஃப்ட் மூடி முழுவதையும் இறக்கத் தேவையில்லை. மேலே அது வந்து சேரும் கட்டையைக் கழற்றினால் குழாயை மேலேயே உருவலாம். கையில் எடுத்த றிங் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் உடைகிற அளவுக்குக் காய்ந்திருந்தது. விலை சொற்பம். ஆனால் ஒயில் தாங்கும் றப்பரைத்தான் வாங்க வேண்டும், தண்ணீர்க் குழாய் றிங்கைப் போட்டால் ஊதிப் பிய்ந்துவிடும்.

டொப் லிங்க் ஸ்பிரிங்கையும் ஒரு தடவை பாருங்கள். கலப்பை மண்ணில் ஆழ இறங்கிப் பாரம் கூடினால், அந்த ஸ்பிரிங் அமுங்கி வால்வுக்குச் செய்தி சொல்லும், லிஃப்ட் சற்றுத் தூக்கிக் கொடுக்கும். இந்த முறையை உருவாக்கிய ஹாரி பெர்குசனின் அமைப்பு முழுவதும் இதில்தான் நிற்கிறது. டொப் லிங்க்கைக் கழற்றிவிட்டுப் பிடித்துப் பார்த்தால் ஸ்பிரிங் விரலுக்குச் சுற்ற வேண்டும், முன்பின்னாக ஆடக் கூடாது. ஆடினால் கலப்பை ஒரே ஆழத்தில் ஓடாது. எங்கள் மேடு பள்ள வயலில் அது உடனே தெரியும்.

வேலை முடிந்தால் கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டே வண்டியை நிறுத்துங்கள். சீலுக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

சரி, பம்பே கெட்டிருந்தால்? அதில் நான்கு பிஸ்டன்கள். நல்ல ஒயில், சுத்தமான வலை, கசிவும் இல்லை, ஆனாலும் விட்டு விட்டுக் குலுங்கித் தூக்குகிறது என்றால் ஒரு பிஸ்டனின் வால்வு வேலை செய்யாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் பழகிய மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பம்பை வெளியே எடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வால்வும் சீலும் மாற்றினாலே பல பம்புகள் திரும்ப வேலை செய்யும்.