பிரேக் சத்தத்துக்கு 1,260 வெள்ளி: மாற்றாத டிஸ்க்குக்கும் காசு வாங்கிவிட்டார்கள்

நேற்று மாலை வேறொரு மெக்கானிக் என் காரின் முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். மூன்று வாரத்துக்கு முன்னால் புது பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) போட்டதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்களே, அங்கே பழைய டிஸ்க் அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் கொடுத்தது மொத்தம் 1,260 சிங்கப்பூர் வெள்ளி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இந்த வாரம் இன்னொருவர் அதே மாதிரி போய் ஏமாறக்கூடாது என்பதால் விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில், மூன்று கார் நின்றால் நிறைந்துவிடும் சின்னப் பட்டறை. இந்த மாதிரி இடங்கள் சிங்கப்பூர் முழுக்க இருக்கின்றன. என் பிரேக்கைக் கடைசியில் சரி செய்தவரும் அப்படி ஒரு சின்னப் பட்டறைக்காரர்தான்.

எங்கள் கார் டொயோட்டா ஆல்ட்டிஸ், 9 வயது ஆகப்போகிறது. சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க வாங்கும் பத்தாண்டு உரிமச் சான்றிதழ், முடிய இன்னும் ஓராண்டு சொச்சம். அம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்வர வேண்டியிருப்பதால்தான் காரையே வைத்திருக்கிறோம். போன மாதம் செங்காங்கில் எங்கள் புளோக் பக்கத்துப் பல மாடி கார் நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது முன் இடது பக்கம் ‘கீீீச்’ என்று கத்த ஆரம்பித்தது. பிரேக்கை லேசாக வைத்தால் கத்தும், அழுத்தி மிதித்தால் நின்றுவிடும். பின்சீட்டில் இருக்கும் அம்மா ஒவ்வொரு முறையும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, பிரேக் பிடிக்குதாப்பா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? போதாக்குறைக்கு 9ஆவது ஆண்டுக்கான கார் பரிசோதனைக்கும் கடிதம் வந்திருந்தது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் நம்மவர், முப்பத்தைந்து வயது இருக்கும். காரை நிறுத்தி இறங்குவதற்குள் “வாங்கண்ணே” என்றார். கீழே காப்பிக்கடையிலிருந்து எனக்கு ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) வரவழைத்தார். அம்மாவைப் பற்றிக் கேட்டார். தன் பாட்டிக்கும் டயாலிசிஸ் பார்த்ததாகச் சொன்னார். நானும் மனம்விட்டுப் பேசினேன்.

அரை மணி நேரத்தில் கையில் ஒரு பிரேக் பேடோடு, அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உரசுதகட்டோடு, வந்தார். உரசும் பகுதி தகடு வரைக்கும் தேய்ந்து, ஒரு ஓரத்தில் இரும்பே தெரிந்தது. “பாருங்கண்ணே, இது உங்க வண்டிலேர்ந்து எடுத்தது. புதுசுல பத்து மில்லிமீட்டருக்கு மேல இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. டிஸ்க்கையும் அறுத்திடுச்சு. இதோட இன்ஸ்பெக்‌ஷன் போனா பெயிலுதான்.” நான் சக்கரத்துப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. அவர் நீட்டிய பேடைக் கைபேசியில் படம் எடுத்து, ‘இவ்வளவு மோசமா இருந்திருக்கு’ என்று மனைவிக்கு அனுப்பினேன். இவ்வளவு செலவு தேவையா என்று அவர் கேட்பாரே என்று எடுத்த படம் அது.

விலை சொன்னார். முன் பேட் 220, பின் பேட் 200, முன் டிஸ்க் இரண்டும் 480, காலிப்பரை (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹால் 280, கூலி 80. ஒரு வருடத்தில் ஸ்கிராப்புக்குப் போகிற காருக்கு இவ்வளவா என்று தயங்கினேன். அப்போது அவர் சொன்ன வார்த்தை இன்னும் காதிலேயே நிற்கிறது. “அம்மாவ ஏத்திக்கிட்டுப் போற வண்டிண்ணே. நம்ம ஆளுங்ககிட்ட நான் பொய் சொல்வேனா?”

சரி என்றேன். பேநவில் (கைபேசி வழி வங்கிப் பணப் பரிமாற்றம்) 1,260 வெள்ளி அனுப்பினேன். நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன்னைக் கேட்டதற்கு, “கியூஆர் வேலை செய்யல, என் நம்பருக்கே போட்டுடுங்க” என்றார். போட்டேன். ரசீது என்று கையில் கொடுத்த தாளில் ‘பிரேக் வேலை, 1,260’ என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. பழைய பாகங்களைக் கேட்டேன், பழைய இரும்பு வாங்குபவர் எடுத்துப் போய்விட்டார் என்றார்.

நான்காம் நாள் அதே முன் இடது பக்கம், அதே சத்தம்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. முதல் முறை அழைத்தபோது, “புது பேட்ண்ணே, டிஸ்க்கோட பழகணும், முந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும்” என்றார். ஓட்டினேன். இரண்டாம் முறை, “ராத்திரி மழை பெய்ஞ்சிருக்கும், டிஸ்க்குல துரு, அதான்.” மூன்றாம் முறை, “பேட் தூசிண்ணே, தண்ணி அடிச்சுக் கழுவுங்க.” இவர் சொன்னது எதுவும் அடியோடு பொய் இல்லை என்பதுதான் கொடுமை. புது பேட் படிந்து உட்காரக் கொஞ்ச தூரம் ஓடத்தான் வேண்டும். டிஸ்க் வார்ப்பிரும்பு என்பதால் மழை இரவுக்குப் பிறகு மேலே மெல்லிய துரு படரும். ஆனால் அந்தத் துரு காலையில் நாலைந்து முறை பிரேக் பிடித்தாலே உரசிப் போய்விடும். என் கார் மதியம் இரண்டு மணிக்கு, தீவு விரைவுச்சாலையில் ஓடி முடித்து வந்த பிறகும் கத்தியது. அதைச் சொன்னால் பதில் வராது. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழும். நேரில் போனால், “பாஸ் ஊருக்குப் போயிருக்காரு, அடுத்த வாரம் வாங்க.” அடுத்த வாரம் போனபோது தே ஓ வாங்கிக் கொடுத்த அதே ஆள் இன்னொரு காரின் அடியிலிருந்து தலையைக்கூட நீட்டவில்லை.

நேற்று வேலை முடிந்ததும், சக ஊழியர் பல வருடமாகப் போகும் சீன அங்கிள் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைக் கழற்றியதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிற்க வைத்தார். டிஸ்க்கின் வெளி விளிம்பில் விரலை வைத்துத் தடவச் சொன்னார். நகம் தட்டும் அளவுக்கு ஒரு மேடு. பேட் படும் இடம் வருடக்கணக்கில் தேய, பேட் படாத ஓரம் மட்டும் உயரமாக நிற்பதால் வரும் மேடு அது. மூன்று வாரத்தில் அப்படி வரவே வராது என்றார். மறுபக்கமும் அப்படியே. 480 வெள்ளி போயிற்று.

பேட் புதுசுதான், அதை அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் பேடின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய ஷிம் தகடுகளைத் திரும்பப் போடவே இல்லை. பேடும் அதைத் தள்ளும் பிஸ்டனும் ஒன்றோடொன்று அதிராமல் தாங்குவது அந்தத் தகடுதான். பிரேக் கீச்சிடுவதே அந்த வேகமான அதிர்வால்தான் என்று விளக்கினார். அடுத்ததாக காலிப்பர் சறுக்கி நகரும் பின்களை உருவினார். ஒன்று கையோடு வந்தது. இன்னொன்றைத் தட்டித்தான் எடுக்க முடிந்தது, கிரீஸே இல்லாமல் துருத்தூள் பூத்திருந்தது. அதை மூடும் ரப்பர் உறை பழையது, கிழிந்தும் இருந்தது. அந்தப் பின் சிக்கிக்கொண்டால் பேட் டிஸ்க்கை விட்டு ஒழுங்காக விலகாமல் உரசிக்கொண்டே இருக்குமாம். என் காரின் ஆதி நோயே அநேகமாக இதுதான் என்றார். ‘ஓவர்ஹால்’ என்று வாங்கிய 280 வெள்ளிக்கு அந்தப் பின்னை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியாக மனைவிக்கு அனுப்பிய அந்தப் படத்தைக் காட்டினேன். அங்கிள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, காலிப்பரில் இருந்த பேடைக் கழற்றிக் கைபேசிக்குப் பக்கத்தில் பிடித்தார். தகட்டின் இரண்டு காதுகளும் வேறு வடிவம். படத்தில் இருப்பது என் காரின் பேடே இல்லை. யார் காரிலிருந்தோ எடுத்த தேய்ந்த பேடை அலமாரியில் வைத்திருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள் போலிருக்கிறது. எங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டுவிட்டு அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்திருக்கிறான்.

பின்களைச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைத்து, புது ரப்பர் உறையும் ஷிம் தகடும் போட்டு அங்கிள் வாங்கியது 90 வெள்ளி. சத்தம் நின்றுவிட்டது. டிஸ்க்கை அளந்தும் பார்த்தார். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது, அதற்கு மேல்தான் இருக்கிறது, சிஓஇ முடியும் வரை தாராளமாக ஓடும் என்றார். அதாவது, மாற்றாத டிஸ்க்கை மாற்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ராத்திரி அந்தப் பட்டறைக்குப் படங்களை அனுப்பினேன். இந்த முறை ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “வேற எடத்துல கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு.”

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை. அவசரமாகச் சிலது மட்டும். பேடைக் கையில் கொண்டுவந்து காட்டினால் நம்பாதீர்கள், கார் தூக்கியிருக்கும்போதே சக்கரத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். பழைய பாகங்கள் உங்கள் கார் டிக்கிக்குள் வந்த பிறகு பணம் கொடுங்கள். தனி ஆளின் கைபேசி எண்ணுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள், பாகம் பாகமாக எழுதாத ரசீதை வாங்காதீர்கள். கீச்சுச் சத்தம் என்றால் இரண்டு இடத்தில் காட்ட அவகாசம் இருக்கிறது. இரும்போடு இரும்பு அறுப்பது போல் கரகரவென்று கேட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள், ஓட்டுவதை நிறுத்துங்கள்.

போடாத பாகத்தைப் போட்டதாகச் சொல்வதும், தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்வதும் இங்கே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வர்த்தகம். சிறு கோரிக்கை மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். தனி எண்ணுக்குப் பணம் போட்டதால் யார் பெயரில் கோருவது என்பதே முதல் சிக்கலாகிவிட்டது. பட்டறையின் பதிவு விவரத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருப்பேன். மன்றத்துக்கான படிவத்தை அங்கேயே நிரப்பி அனுப்பிவிடுவேன்.