பழைய ஸ்பிட்ஃபயர் ஸ்டீயரிங்: ரேக்கைப் பிரித்துச் சரிசெய்வதா, புதிது வரவழைப்பதா?

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பல பெரிய வீடுகள் கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் மட்டுமே திறக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் (1962–1980) ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். வெயில் காலத்தில் ஸ்டீயரிங் ரேக்கின் (ஸ்டீயரிங் சுழல்வதைப் பக்கவாட்டு அசைவாக்கிச் சக்கரத்தைத் திருப்பும் பல்தண்டு அமைப்பு) ரப்பர் பூட் எனும் மடிப்பு உறை வெடித்துவிடும், உள்ளே கிரீஸ் காய்ந்துவிடும். பிறகு நாலு நாள் வண்டியை வெளியே எடுத்தால் போதும், வெடிப்பு வழியாகச் செம்மண் புழுதி புகுந்து, மிச்சக் கிரீஸோடு குழைந்து, வால்வு தேய்க்கும் பசை போலப் பல்லை அராவும். ஸ்டீயரிங்கில் பிளே (வெற்று ஆட்டம்) தெரிந்ததும் “ரேக் போச்சு” என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் போனது ரேக் அல்ல.

எந்த இடத்தில் அசைவு தொலைகிறது என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் போனட் முன்பகுதி முழுவதோடு சேர்ந்து முன்னால் சாய்வதால் எல்லாம் வெளியே தெரியும். சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டட்டும். ஸ்டீயரிங் தண்டு திரும்பியும் ரேக்கின் சிறு பற்சக்கரமான பினியன் திரும்பவில்லையா? நடுவில் உள்ள ரப்பர் கப்ளிங் நைந்திருக்கிறது. ரேக்கின் உடலே பக்கவாட்டில் நகர்கிறதா? ரேக்கைப் பிடித்திருக்கும் யூ-போல்ட்டுக்கு அடியில் உள்ள ரப்பர், எஞ்சின் ஆயில் பட்டு ஊறிவிட்டது. பினியன் திரும்பியும் ரப்பர் பூட்டுக்குள் இருக்கும் பார் (பல் வெட்டிய தண்டு) நகரவில்லை என்றால்தான் ரேக்கைக் குற்றம் சொல்லலாம். பார் நகர்ந்தும் சக்கரம் அசையாவிட்டால் டை ராட் எண்ட் (சக்கரத்தோடு இணைக்கும் வெளி மூட்டு), அல்லது பூட்டுக்குள் இருக்கும் உள் பந்து மூட்டு. பூட்டை வெளியிலிருந்து கையால் இறுக்கிப் பிடித்தால் உள் மூட்டின் தட்டல் விரலில் தெரியும்.

பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டவும். அசைந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் அசைவு நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் மேல் பந்து மூட்டு, இல்லையேல் கீழே உள்ள ட்ரனியன். ட்ரனியன் தேய்ந்திருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பித்தளை உடலுக்குள் எஃகுப் புரி சுழலும் அமைப்பு இது. புரியில் துரு ஏறினால் செங்குத்துத் தண்டு ஒடிந்து சக்கரம் மடிந்துவிடும். அதற்கு ஊற்ற வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் கன்னால் கிரீஸ் அடிக்கும் பழக்கம்தான் இங்கே பெரும் கேடு. அது புரியின் அடிவரை இறங்காமல் இறுகி, தண்ணீரை உள்ளே தேக்கிவிடும்.

ரேக்தான் என்று உறுதியானால் இரண்டு வழி. புதிய மறுதயாரிப்பு ரேக்கை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், அல்லது இருப்பதைப் பிரித்துச் சரிசெய்யலாம். நாங்கள் பிரித்துச் சரிசெய்யும் பக்கம்தான். ஆனால் ஒரு சோதனையில் அது தேற வேண்டும்.

நேராக ஓட்டும் நேரமே அதிகம் என்பதால் பாரின் பல் நடுவில்தான் தேயும், இரண்டு ஓரமும் புதிதாகவே இருக்கும். பாரைப் பினியனோடு அழுத்திப் பிடிப்பது டேம்பர்; நடுவில் பிளே போகும்வரை அதன் ஷிம்மை (மெல்லிய தகடு) குறைத்து இறுக்குங்கள். பிறகு முன்சக்கரங்கள் தரையில் படாத நிலையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். கடைசிவரை ஒரே சீராகத் திரும்பினால் அந்த ரேக் பிழைக்கும். ஓரத்தில் கனத்துப் பிடித்தால் பல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை எந்த லேத்திலும் மீட்க முடியாது. இறுக்கியபடியே ஓட்டவும் கூடாது, வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. அந்த நிலையில் புதியதுதான் வழி.

தேறிவிட்டால் மீதி வேலை காரைக்குடியிலேயே முடியும். கழற்றுமுன் இரண்டு டை ராட் எண்டும் எத்தனை புரி ஏறியிருக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிரித்த பாகங்களை டீசலில் கழுவி, பார் வளைந்திருக்கிறதா என்று சமதளக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். பினியனுக்கு எதிர்க்கோடியில் உள்ள புஷ் நீள்வட்டமாகியிருந்தால் லேத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து அடிக்கலாம். உள் பந்து மூட்டில் ஷிம்மைக் குறைத்து, பந்து தட்டாமல், ஆனால் கையால் அசைக்கும்படி இருக்கச் செய்ய வேண்டும். லாக் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

டேம்பருக்கு அளவு முக்கியம். ஸ்பிரிங்கும் ஷிம்மும் இல்லாமல் பிளஞ்சரையும் மூடியையும் வைத்து, ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கி, மூடிக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவும். அந்த அளவோடு 0.1 மி.மீ. கூட்டி ஷிம் போடவும். கிரீஸை அளவாக வையுங்கள். நிப்பிள் வழியாக அடித்துக்கொண்டே போனால் புது பூட்டே பிதுங்கிக் கிழியும்.

புதிய ரேக்கின் நன்மை சொல்லாமலே விளங்கும்: கழற்று, மாட்டு, முடிந்தது. ஆனால் விலையோடு கப்பல் செலவும் சுங்கவரியும் சேரும். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கான ரேக் தவறி வந்தால் பினியன் எதிர்ப்பக்கம் இருக்கும், இங்கே பயன்படாது. பினியன் தண்டின் பல்வரியையும் பழையதோடு ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். இந்த மறுதயாரிப்புகள் நீண்ட ஓட்டத்தில் எப்படி நிற்கும் என்பதில் எங்கள் அனுபவம் குறைவுதான். புதியதானாலும் பூட்டைக் கழற்றி உள்ளே கிரீஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்ட வேண்டாம்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் ரேக் ஸ்பிட்ஃபயருக்கு நெருங்கிய உறவு. புதுப்பேட்டையில் கிடைத்தால் உதிரிக்காக வாங்கலாம். அதே நடுப்பல் சோதனை அதற்கும் உண்டு.

எது மாட்டினாலும் ரப்பர் கப்ளிங்கைத் தாண்டிப் போகும் எர்த் ஒயரை மறக்க வேண்டாம், மறந்தால் ஹாரன் அடிக்காது. டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்த்து, கொஞ்சம் ஓடிய பிறகு யூ-போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பச் சொல்லுங்கள். பூட்டின் மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் அடுத்த ஓட்டத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.