பொதுத் தச்சுப்பட்டறைக்கு முதல் ரம்பம் எது: டேபிள் சா, பேண்ட்சா, ட்ராக் சா

பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, வேலை மேசை நாலு போட்டு, உளியும் இழைப்புளியும் சுவரில் மாட்டியாகிவிட்டது. அடுத்து வரும் பெரிய கேள்வி, மரம் அறுக்க எந்த எந்திரம் வாங்குவது என்பதுதான். தனி ஆளின் பட்டறை என்றால், மேசை நடுவே எழும் வட்ட பிளேடில் மரத்தைத் தள்ளி அறுக்கும் டேபிள் சா என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். பொதுப் பட்டறைக்கு அது முதல் எந்திரமாக இருக்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. இங்கே எந்திரத்தை ஓட்டப்போகிறவர், இரண்டு மாதம் முன்பு பயிற்சி எடுத்துவிட்டு இன்றுதான் மறுபடி வந்திருக்கும் உறுப்பினர். அவர் கையில் எந்த எந்திரம் எப்படித் தவறும், அப்போது பட்டறையில் யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் ஒப்பிடவேண்டும்.

ஒன்றை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடலாம். கையில் பிடித்து ஓட்டும் கட்டிங் மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, பிளைவுட் மேசைக்கு அடியில் திருகி, சுவிட்சை அழுத்தியபடியே நிறுத்திவைத்து ஓட்டும் வழக்கம் நம் ஊர் வேலைத்தளங்களில் சர்வசாதாரணம். அதில் பிளேடுக்கு மூடி கிடையாது, பிளேடின் பின்னால் நின்று வெட்டு மூடாமல் தடுக்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு கிடையாது, அவசரத்துக்கு அணைக்க முன்பக்கம் சுவிட்சும் கிடையாது. மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பிளேடைப் போட்டுக் கவிழ்ப்பது இன்னும் மோசம்: பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை எந்திரத்தின் வேகம் தாண்டிவிட்டால் பல் தெறித்துப் போகும். பழகிய ஆசாரி தன் பொறுப்பில் செய்வது வேறு. பலர் வந்துபோகும் இடத்தில் இதற்கு இடமே கொடுக்கக்கூடாது.

இனி டேபிள் சா. நேராக, அளவாக, மீண்டும் மீண்டும் ஒரே அகலத்தில் கிழிக்க இதற்கு இணை கிடையாது. ஆனால் 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் நுனி மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. மரம் பிளேடுக்கும், அதை நேராகத் தள்ள உதவும் பக்கத் தடுப்பான ஃபென்ஸுக்கும் நடுவே இறுகினால், அந்தப் பற்கள் அதைத் தூக்கி நிற்பவர்மேல் எறிந்துவிடும். இதுதான் கிக்பேக். பெரும்பாலும் மூன்று காரணங்கள்: ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருப்பது, உள்ளுக்குள் முறுக்கு இருக்கும் மரம் அறுக்க அறுக்க மூடிக்கொள்வது, குறுக்கே அறுக்கும்போது மரத்தைத் தாங்கித் தள்ளும் மைட்டர் கேஜோடு ஃபென்ஸையும் சேர்த்துப் பயன்படுத்தி, துண்டுக்குப் போக வழியில்லாமல் செய்வது.

ரிவிங் நைஃப் இருந்தால் இதில் பெரும்பகுதி தீரும். ஆனால் பொதுப் பட்டறையில் அது காணாமல் போவதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. அந்தத் தகடு பிளேடின் உடலைவிடத் தடித்ததாகவும், பிளேடு போடும் வெட்டைவிட மெல்லியதாகவும் இருக்கவேண்டும். வெட்டின் அகலம் 3.2 மி.மீ., உடல் 2.2 மி.மீ. என்றால் தகடு 2.5 முதல் 2.8 மி.மீ. வரை பொருந்தும். யாராவது 2.4 மி.மீ. வெட்டுள்ள மெல்லிய பிளேடைக் கொண்டுவந்து மாட்டினால் மரம் பாதியில் தகட்டில் முட்டி நிற்கும். அவர் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை முடிப்பார். அடுத்து வருபவர் தகடு இல்லாத எந்திரத்தை அப்படியே ஓட்டுவார். அதனால் டேபிள் சா வாங்குவதென்றால் பட்டறைக்கு ஒரே வெட்டு அளவில்தான் பிளேடுகள் இருக்கவேண்டும், சொந்த பிளேடு மாட்ட அனுமதி கூடாது.

கை பட்டதும் நிற்கிற டேபிள் சா இருக்கிறதே என்று கேட்பார்கள். அமெரிக்காவில் ஸ்டீவ் கேஸ் 1999இல் உருவாக்கி, 2004 முதல் விற்பனைக்கு வந்த சாஸ்டாப் அப்படிப்பட்டது. பிளேடில் சிறிய மின்சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். தோல் பட்டதும் அது மாற, பிரேக்காக ஓர் அலுமினியக் கட்டை பிளேடின் பற்களுக்குள் பாய்ந்து சுமார் 5 மில்லி நொடிக்குள் அதை நிறுத்திவிடும். விரல் போகவேண்டிய இடத்தில் ஒரு கீறலோடு தப்பலாம். பணம் இருந்தால் இதைத்தான் வாங்கவேண்டும், சந்தேகமே வேண்டாம். ஆனால் இது கிக்பேக்கைத் தடுக்காது. ஈர மரம், மரத்துக்குள் இருந்து மேசையையும் தொடும் ஆணி, லேசரில் வெட்டிக் கருகிய ஓரம், பிளேடில் உரசும் அலுமினிய மைட்டர் கேஜ் எல்லாம் கை படாமலே பிரேக்கைப் பாயச் செய்யும். ஒவ்வொரு முறையும் பிரேக் கார்ட்ரிட்ஜ் போய்விடும், பிளேடும் கூடவே போய்விடும். நம் பக்கம் பழைய வீடு இடித்த தேக்கு நிறையப் புழங்குவதால் ஆணி பெரிய தலைவலி: மெட்டல் டிடெக்டர் வைத்து நாலு பக்கமும் பார்க்காமல் எந்த இடிப்பு மரத்தையும் மேசையில் ஏற்றக்கூடாது. பிரேக் விழுந்த செலவு முழுவதையும் உறுப்பினர் தலையில் கட்டினால், அடுத்த முறை அவர் பிரேக்கை வேலை செய்யாமல் நிறுத்திவைக்கும் பைபாஸ் சாவியைத் தேடுவார். செலவைப் பட்டறையே ஏற்கட்டும், பைபாஸ் சாவி பொறுப்பாளரிடமே இருக்கட்டும்.

சக்கரங்களைச் சுற்றிப் பட்டைபோல ஓடும் பிளேடு கொண்ட பேண்ட்சா வேறு குணம் கொண்டது. 14 அங்குலச் சக்கரம் உள்ள எந்திரத்தில் பிளேடு நொடிக்கு 15 மீட்டர் அளவில்தான் ஓடுகிறது, விசை முழுக்க மேசையை நோக்கிக் கீழே அழுத்துகிறது. மரம் ஆள்மேல் பறந்து வராது. கனமான பூவரசுக் கட்டையைப் பலகைகளாகப் பிளக்கலாம், வளைவு வெட்டலாம், சிறு துண்டையும் அறுக்கலாம். வெட்டின முகம் சொரசொரப்பாக இருக்கும், பிறகு இழைத்தே ஆகவேண்டும். உருண்டையான கழியை ஏந்துகட்டை இல்லாமல் வைத்தால் சுழன்று பிளேடைக் கவ்விவிடும். விரலும் அறுபடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதில் தவறுகள் மெல்ல வருகின்றன. உறுப்பினருக்குத் தவறு நடப்பதை உணர நேரம் கிடைக்கிறது.

பேண்ட்சா கேட்பதெல்லாம் பராமரிப்பு. பிளக்க அங்குலத்துக்கு 3 பல், பொது வேலைக்கு 6 பல். வெட்டுக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பல் இருக்கவேண்டும். கால் அங்குல பிளேடு சுமார் 16 மி.மீ. ஆர வளைவுக்குத் திரும்பும். அரை அங்குல பிளேடுக்கு 65 மி.மீ. வேண்டும், அதற்குக் குறைவாகத் திருப்பினால் முறுகி உடையும். பிளேடை நேராகப் பிடிக்கும் மேல் கைடு மரத்துக்கு 5 மி.மீ. மேலே நிற்கட்டும். பிளேடின் பின்னால் உள்ள பேரிங், வெறுமனே ஓடும்போது பிளேடைத் தொடவே கூடாது. வெட்டு ஒரு பக்கமாக ஓடுகிறது என்ற புகார் வந்தால் பலரும் ஃபென்ஸைத் திருப்புவார்கள். முதலில் பார்க்கவேண்டியது மழுங்கிய பல்லையும் பிளேடின் தளர்ந்த டென்ஷனையும் (இழுவிசை). இரவு பூட்டும்போது டென்ஷனைத் தளர்த்திவிட்டு, தளர்த்தியதாக அறிவிப்புப் பலகை ஒன்றை எந்திரத்தில் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் யாராவது அப்படியே சுவிட்சைத் தட்டி பிளேடைக் கழன்றுபோகச் செய்வார்கள்.

எட்டுக்கு நாலு பிளைவுட்டுக்கு, ரெயில்மேல் கையால் நகர்த்தி அறுக்கும் ட்ராக் சா போதும், அதுவே சிறந்ததும்கூட. ஷீட்டைத் தூக்கி எந்திரத்துக்கு ஊட்டவேண்டாம். தரையில் 50 மி.மீ. தெர்மோகோல் பலகை விரித்து, மேலே ஷீட்டைக் கிடத்தி, ரெயிலை வைத்து ரம்பத்தை நகர்த்தினால் போதும். 1,400 மி.மீ. ரெயில் இரண்டை இணைத்தால் 8 அடி நீளத்துக்குச் சரியாக வரும். இணைத்த பிறகு நேர்விளிம்பை வைத்துப் பார்க்காமல் வெட்டாதீர்கள். ஆழம் ஷீட்டைத் தாண்டி 3 மி.மீ. இருந்தால் போதும், ரெயிலின் தடிமனைக் கணக்கில் சேர்க்கவேண்டும். ரெயில் ஓரத்து ரப்பர் பட்டை முதல் ஓட்டத்தில் அந்த ரம்பத்துக்கு ஏற்ப வெட்டப்படுகிறது. இன்னொரு ரம்பத்தை அதே ரெயிலில் ஓட்டினால் பட்டை கெட்டு, ஓரத்தில் சில்லு தெறிக்கும். எனவே ஒரு ரெயில், ஒரு ரம்பம். இரண்டு அங்குலப் பட்டி கிழிக்க இது சுகப்படாது.

மின்சாரத்தில் வித்தியாசம் பெரிது. ட்ராக் சா சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் ஓடும். 3 எச்.பி. டேபிள் சா சிங்கிள் ஃபேஸில் கிளம்பும்போதே எம்.சி.பி. என்ற தானியங்கி மின்துண்டிப்பானைத் தட்டிவிடலாம், த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்குவதே நல்லது. எதுவானாலும், கரண்ட் போய்த் திரும்ப வந்தால் தானாக ஓடாத ஸ்டார்ட்டர் இருக்கவேண்டும். கடின மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. வேக்குவம் இணைத்த ட்ராக் சா இதில் முந்துகிறது, டேபிள் சாவுக்குத் தனி டஸ்ட் கலெக்டரும் 4 அங்குலக் குழாயும் வேண்டும்.

இப்போது ஆட்கள். ட்ராக் சாவுக்கு, எடுத்ததையும் வைத்ததையும் எழுதும் ஒரு நோட்டும் ஒருமுறைப் பயிற்சியும் போதும். பேண்ட்சாவுக்கு வாரம் ஒருநாள் வந்து பிளேடு, கைடு, டென்ஷன் பார்க்கும் ஒருவர் வேண்டும், அவர் தன்னார்வலராக இருக்கலாம். டேபிள் சாவுக்கோ, அது ஓடும் நேரமெல்லாம் கண்ணெதிரே ஒருவர் இருக்கவேண்டும். அது சம்பளக் கணக்கு. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய டெக்‌ஷாப், சம்பள ஆட்களோடு பல ஊர்களில் பெரிய பட்டறைகள் நடத்தி 2017 நவம்பரில் மூடியது. வெளி உதவியின்றி லாப நோக்கில் இதை நடத்த முடியாது என்பதே நிர்வாகம் சொன்ன காரணம். ஆஸ்திரேலியாவின் மென்ஸ் ஷெட்கள் என்ற சமூகப் பட்டறைகள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களின் தன்னுழைப்பில் ஓடுகின்றன, அங்கே ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆள் இருக்கும் நேரம்தான் திறந்திருக்கும் நேரம்.

சம்பளத்துக்கு ஓர் ஆசாரியை வைத்தால், உறுப்பினர்கள் அவரையே அறுத்துத் தரச் சொல்வார்கள். வேலை சுத்தமாக வரும், ஆனால் யாரும் கற்கமாட்டார்கள். அவருடைய வேலை பார்ப்பதும் திருத்துவதும் என்று முதலிலேயே பேசிவிடவேண்டும். ‘அண்ணே, தகடு போட்டிருக்கீங்களா’ என்று கேட்டு நிறுத்தும் அதிகாரம் வயது குறைந்த பொறுப்பாளருக்கும் இருக்கவேண்டும், அனுபவசாலிதான் மூடியைக் கழற்றுவதில் முதல் ஆளாக இருப்பார்.

ஆகவே முதல் ஆண்டு ட்ராக் சாவும் 14 அங்குல பேண்ட்சாவும். வாரத்தில் மூன்று மாலையாவது விடாமல் நிற்க ஆள் கிடைத்தபின் டேபிள் சா வாங்குங்கள். அதை ஓட்டும் தகுதி, ஆறு மாதம் தொடாதவருக்குத் தானாகக் காலாவதியாகட்டும். மறுபடி பெற, தகட்டைச் சரிபார்த்து, பிளேடின் உயரத்தை மரத்துக்கு ஒரு பல் மேலே வைத்து, 60 மி.மீ. அகலப் பட்டி ஒன்றைப் புஷ் ஸ்டிக்கால் (தள்ளும் குச்சி) கிழித்துக் காட்டவேண்டும். பொறுப்பாளர் வராத நாளில் டேபிள் சாவின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சில் பூட்டு தொங்கட்டும், மற்ற இரண்டும் ஓடட்டும்.