பேலாப்பூரா, அரண்யாவா? பொது முற்றம் வைத்து வீடு கட்ட நினைப்பவர்களுக்கு

ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரே இடத்தில் நிலம் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சு எங்கள் நண்பர்களுக்குள் இரண்டு வருடமாக ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் ஆளுக்கு எத்தனை சென்ட், எத்தனை பெட்ரூம் என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. நடுவில் விடப்போகும் இடம் யாருக்குச் சொந்தம், எத்தனை வீட்டு வாசல் அதைப் பார்த்துத் திறக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. இதற்கு 1980களிலேயே நம் நாட்டில் இரண்டு பெரிய கட்டடக் கலைஞர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்: நவி மும்பை பேலாப்பூரில் சார்லஸ் கொரியா, இந்தூர் அரண்யாவில் பாலகிருஷ்ண தோஷி.

பேலாப்பூரில் எல்லாம் ஏழில் தொடங்குகிறது. சுமார் 8 மீட்டருக்கு 8 மீட்டர், அதாவது 26 அடிச் சதுரத்தில் ஒரு முற்றம், அதைச் சுற்றி ஏழு வீடுகள். இப்படி மூன்று கொத்து சேர்ந்து 21 வீடானால் நடுவில் 12 மீட்டர் முற்றம். அந்த மாதிரி மூன்று சேர்ந்தால் இன்னும் பெரிய திடல். மழைக்காலத்துத் தண்ணீர் ஓட நடுவே ஒரு ஓடை. மொத்தம் ஐந்தரை ஹெக்டேரில் 550 குடும்பங்கள், அடுக்குமாடிக் கட்டடமே இல்லாமல்! கூட்டிக் கழித்தால் ஹெக்டேருக்கு நூறு வீடு. நெருக்கமாகக் குடிவைக்க வேண்டுமென்றால் லிஃப்ட் வைத்த டவர்தான் வழி என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். லிஃப்டுக்கு மின்சாரம் வேண்டாம், பெரிய கான்கிரீட் சட்டகம் வேண்டாம், ஊர்க் கொத்தனாரே கட்டிவிடலாம்.

திருநெல்வேலிப் பக்கம் வளவு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏழு புதிதாகத் தெரியாது. ஒரு கிணறு, ஒரு முற்றம், சுற்றி ஏழெட்டு வாசல். புது ஆள் உள்ளே வந்தால் யாராவது ஒருவர் ‘யாரைப் பார்க்கணும்’ என்று கேட்டுவிடுவார். ஏழு வீடு என்றால் முற்றம் பெருக்க முறை வைக்கலாம், யார் பிள்ளை எங்கே விளையாடுகிறது என்று தெரியும், சண்டை வந்தாலும் உட்கார்ந்து பேசிவிடலாம். நூறு வீட்டுக்குப் பொதுவாக ஒரு பூங்கா விட்டால் அது யாருடையதும் இல்லாமல் போய், இரண்டு வருடத்தில் சீமைக் கருவேலம் முளைத்துவிடுகிறது. புறநகர் லேஅவுட்களில் பார்க்கிறோமே.

அரண்யாவின் கணக்கே வேறு. 85 ஹெக்டேர், சுமார் 6,500 வீடுகள், ஒரு சிறு நகரம். ஏழைகளுக்கு முழு வீடு கட்டித்தரப் பணம் பற்றாது என்பதை ஒப்புக்கொண்டு தோஷி தொடங்குகிறார். மிகச் சிறிய மனை சுமார் 35 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அதில் ஒரு கான்கிரீட் மேடை, கழிப்பறையும் குழாயும் உள்ள ஒரு மூலை, ஒரு அறை, அவ்வளவுதான். மீதியைக் குடும்பம் கையில் காசு வரும்போது செங்கல்லோ கல்லோ வைத்து எழுப்பிக்கொள்ளும். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளை அவரே வரைந்தார். இருபது வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வசதியானவர்களின் மனை ஓரத்திலும் நடுச்சாலை ஒட்டியும், ஏழைகளின் மனை உள்ளே நடுவிலும். 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

அரண்யாவில் பொது இடம் என்றால் பெரும்பாலும் தெருதான். வாசல் திண்ணை, வெளியே ஏறும் படிக்கட்டு, படிக்குக் கீழே உட்கார்ந்து காய் நறுக்க ஓர் இடம். அழகான யோசனை, நம் திண்ணைத் தெரு மாதிரியே. ஆனால் தெருவில் ஊரே நடக்கும், வண்டி வரும். ஏழு வீட்டு முற்றத்தில் இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகலாம், தெருவில் அப்படி விட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, பேலாப்பூர்தான்.

வீடு வளர்வதிலும் பேலாப்பூர் ஒரு படி தெளிவு. எந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது, அதனால் ஒருவர் மாடி எழுப்ப அடுத்தவரின் சம்மதம் தேவையில்லை. மனைகளும் 45 முதல் 75 சதுர மீட்டருக்குள்தான். பணக்காரர் என்பதற்காக நாலு மடங்கு நிலம் கிடையாது. அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு: கொரியாவின் ஓட்டு வீடுகள் பலவற்றை இடித்துவிட்டு இன்று பெரிய கான்கிரீட் வீடுகள் நிற்கின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கூரை உயர்ந்தால் முற்றத்தில் வெளிச்சமும் காற்றும் குறையும் அல்லவா? உயரத்துக்கு ஒரு வரம்பை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

சரி, யாருக்கு எது? ஒரு அரசோ அறக்கட்டளையோ ஆயிரம் ஏழைக் குடும்பங்களைக் குடிவைக்கப் போகிறது என்றால் அரண்யாவின் மேடையும் குழாயும்தான் நடக்கிற காரியம். அதோடு நம் சமத்துவபுரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஊருக்கு 100 வீடு: 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அடுத்த வாசலில் யார் இருப்பார் என்பதையே திட்டத்தின் மையமாக வைத்தார்கள். நாமாகச் சேரும் குழுக்கள் சொந்தக்காரர், ஒரே சாதி என்று சுருங்கிப்போகும் ஆபத்து நிஜமானது, எங்கள் குழுவிலேயே அந்தப் பேச்சு வந்து நான் எதிர்த்திருக்கிறேன்.

ஏழெட்டுக் குடும்பம் என்றால் பேலாப்பூர் முற்றம், கூடவே அரண்யாவின் பொறுமை: கழிப்பறை, தண்ணீர், அடித்தளம் எல்லோருக்கும் முதல் நாளே, மேல் அறைகள் அவரவர் வசதிக்கு. அப்புறம் முற்றத்தை ஒருவர் பெயரில் எழுதவே எழுதாதீர்கள். ஒவ்வொருவர் கிரயப் பத்திரத்திலும் அது பிரிபடாத பாகமாக வரட்டும், மழைநீர்த் தொட்டியும் கிணறும் அதற்குள்ளேயே இருக்கட்டும், கார் நிறுத்த இடம் வெளியே வாசல் பக்கம். கார் ஒருமுறை முற்றத்துக்குள் வந்துவிட்டால் அப்புறம் வெளியே போகாது.