தேறியதா, தவறியதா: நாடுகளை அளக்கும் கோல்களும் நம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களும்

1990இல் இலங்கையில் உயிருடன் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ 21 பேர் ஐந்து வயதுக்கு முன்னரே இறந்தனர். 2015இல் அது 10 அளவுக்கு இறங்கியது. இவை ஐ.நா. மதிப்பீடுகள். இந்த இரண்டு எண்களையும் 2015க்கான ஐ.நா. மிலேனியம் அபிவிருத்தி இலக்கோடு வைத்துப் பார்த்தால் இலங்கை தவறிவிட்டது. 2030க்கான நிலைபேறான அபிவிருத்தி இலக்கோடு வைத்துப் பார்த்தால் 1990இலேயே தேறிவிட்டது.

காரணம் எளிது. மிலேனியம் இலக்கு கேட்டது மூன்றில் இரண்டு பங்கு குறைப்பு, அதாவது 21 என்பது 7 ஆக வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 4.4 வீதம் குறைய வேண்டியிருந்தது. நமக்குக் கிடைத்தது 3 வீதமளவே. 2030க்கான இலக்கோ ஆயிரத்துக்கு 25 அல்லது அதற்குக் கீழ் என்ற எல்லைக் கோடு. 21 அதற்கு உள்ளேதான் இருந்தது.

விகிதக் குறைப்பு, தாழ்ந்த புள்ளியில் தொடங்கிய நாட்டுக்கு ஒரு வகையிலும் உயர்ந்த புள்ளியில் தொடங்கிய நாட்டுக்கு இன்னொரு வகையிலும் அநியாயம் செய்கிறது. 180இலிருந்து 72க்கு இறங்கிய நாடு ஆயிரத்துக்கு 108 உயிர்களைக் காத்தும் 60 வீதம்தான் என்பதால் தோற்கும். நம்மைப் போன்ற நாட்டில் தடுப்பூசியாலும் ஜீவனி உப்புக் கரைசலாலும் தடுக்கக்கூடிய மரணங்கள் பெரும்பாலும் முன்னரே குறைந்துவிட்டன. மிஞ்சுபவை குறைமாதப் பிறப்பும் பிறவிக் குறைபாடுகளும். அவற்றைக் குறைக்கப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை வேண்டும், செலவும் கூடும்.

எல்லைக் கோட்டின் கோளாறு வேறு. தாண்டியவரை அது தூங்க வைத்துவிடும். தாய் மரணத்துக்கு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 70 என்பதை எடுத்து, "நாம் 30 சுற்றளவில் இருக்கிறோம், இலக்கு எட்டியாயிற்று" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த 70 உலகச் சராசரிக்கான இலக்கு. தனி நாட்டுக்கு உலக சுகாதார நிறுவனமும் கூட்டாளிகளும் வைத்த கணக்கின்படி, 2010இல் 420க்குக் கீழ் இருந்த நாடு அந்த 2010 அளவிலிருந்து மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்க வேண்டும். அதை வைத்துப் பார்த்தால் நமக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஆனால் பிள்ளைகளின் போசாக்கு என்று வந்தால் எல்லைக் கோடுதான் சரியான கோல். 2006/07, 2016 ஆகிய இரு குடித்தொகை சுகாதார ஆய்வுகளிலும் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் ஏறத்தாழ 17 வீதம், உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்கள் ஏறத்தாழ 15 வீதம். பத்தாண்டில் அசைவே இல்லை. இரண்டாவதற்கு 2025க்கான உலக இலக்கு 5 வீதத்துக்குக் கீழ். மரண வீதத்தில் பச்சை வாங்கும் நாடு இங்கே சிவப்பில் நிற்கிறது.

கூட்டுச் சுட்டெண்கள் இதைத்தான் மறைக்கின்றன. மனித அபிவிருத்திச் சுட்டெண் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் பெருக்கி மூன்றாம் மூலம் எடுக்கிறது. 2010க்கு முன் வெறும் சராசரிதான். இப்போது ஒன்றில் பின்தங்கியதை இன்னொன்றால் முழுதாக ஈடுகட்ட முடியாது. வருமானம் மடக்கையில் ஏறுவதால் 1,000 டொலர் 2,000 ஆனாலும், 10,000 டொலர் 20,000 ஆனாலும் வருமானப் புள்ளி கூடுவது ஒரே 0.105தான். ஒழுங்கான கணக்கு. ஆனால் பிள்ளையின் நிறை அதில் இல்லவே இல்லை.

நிலைபேறான அபிவிருத்திச் சுட்டெண்ணில் அது உண்டு. ஆனால் 17 இலக்குகளின் சாதாரணச் சராசரியில் கரைந்துபோகும். அந்தச் சுட்டெண் வெளிவரும் அறிக்கையின் நிறப் பலகை ஒவ்வோர் இலக்கிலும் மிக மோசமான இரண்டு குறிகாட்டிகளைப் பார்த்தே நிறம் தருகிறது. அதனால் மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு நிறத்தைப் பார்ப்பதே மேல். தரவரிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: குறிகாட்டிகளும் கணிப்பு முறையும் மாறிக்கொண்டே இருக்க, போன வருட இடத்தையும் இந்த வருட இடத்தையும் கழித்துப் பார்ப்பது வீண் வேலை.

மாவட்டத்துக்குள் இறங்கக்கூடியது பல்பரிமாண வறுமைச் சுட்டெண். அது வீடு வீடாக எண்ணுகிறது; ஒவ்வொரு குறைக்கும் ஒரு பங்கு உண்டு, அவை கூடி 1/3 ஆனால் அந்த வீடு வறியது. விறகு அடுப்பு, சரியான மலசலகூடமின்மை, பாதுகாப்பான குடிநீரின்மை ஒவ்வொன்றும் 1/18. மூன்றும் சேர்ந்தாலும் 1/6தான், அந்த வீடு வறிய கணக்கில் வராது. அதே வீட்டில் போசாக்குக் குன்றிய பிள்ளை ஒன்று இருந்தால் இன்னொரு 1/6 சேர்ந்து 1/3 ஆகும், அப்போது வரும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையையும் மேற்கேயுள்ள படுவான்கரையையும் ஒரே சராசரியில் போட்டுப் பூசி மெழுகாமல் பிரித்துக் காட்ட உதவும் கணக்கு இது. மாதிரி அளவு அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நாட்டுக் கோலை மாவட்டத்தில் வைக்கும்போது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான் பிழை விழுகிறது. அம்பாறை நிர்வாக மாவட்டம் ஒன்று. சுகாதாரத் துறைக்கு அது இரண்டு, அம்பாறைப் பிராந்தியமும் கல்முனைப் பிராந்தியமும். சுகாதார அறிக்கையின் "அம்பாறை" மரணங்களைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் "அம்பாறை" சனத்தொகையால் வகுத்தால் கரையோரம் முழுதும் மேலே மரணங்களில் விடுபட்டு, கீழே சனத்தொகையில் நிற்கும். வீதம் பொய்யாகத் தாழும். கல்முனைத் தாய் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பிரசவித்தால் பிறப்புப் பதிவு மட்டக்களப்பில்தான், ஏனெனில் பதிவு நடப்பது நிகழ்ந்த இடத்தில். வைத்தியசாலை மரணங்களை வதிவிடப் பிறப்புகளால் வகுப்பவர் மட்டக்களப்பை வீணாகக் குற்றவாளி ஆக்குகிறார். மேலும் கீழும் இரண்டும் வதிவிடமாகவோ இரண்டும் நிகழ்விடமாகவோ இருக்க வேண்டும்.

நெடுங்காலப் போக்கு வரைவோருக்கு இன்னொரு குழி. 1993, 2000 ஆண்டுகளின் குடித்தொகை சுகாதார ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் சேரவில்லை. 2001 குடிசன மதிப்பீடு அம்பாறையில் முழுமை, மட்டக்களப்பில் அரைகுறை. அந்தப் புள்ளிகளைப் பிந்திய முழுத்தீவு எண்களோடு ஒரே கோட்டில் இணைத்தால் கோட்டின் வளைவு யாருடைய மாற்றம் என்றே தெரியாது.

சிறு எண்களின் ஆட்டமும் உண்டு. ஆண்டுக்கு 9,000 பிறப்புகள் உள்ள ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று தாய் மரணங்கள் என்றால் லட்சம் பிறப்புக்கான வீதம் 33. அடுத்த ஆண்டு ஒன்று என்றால் 11. அதற்கடுத்த ஆண்டு ஐந்து என்றால் 56. சேவை மாறாமலே பாராட்டும் விசாரணையும் மாறி மாறி வரும். மூன்று மரணங்களுக்கான 95 வீத நம்பக இடைவெளி, அதாவது உண்மை வீதம் பெரும்பாலும் இருக்கக்கூடிய எல்லை, 7 முதல் 97 வரை. ஐந்தாண்டைச் சேர்த்து 45,000 பிறப்புகளுக்கு 15 மரணங்கள் என்றால் வீதம் அதே 33தான், இடைவெளியோ 19 முதல் 55 வரையாகச் சுருங்கும். ஆகவே மாவட்ட அட்டவணையில் ஆண்டு வீதத்துக்குப் பதிலாக ஐந்தாண்டு வீதத்தையும் இடைவெளியையும் போட்டு, பக்கத்தில் ஒவ்வோர் ஆண்டின் மரண எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும். ஒவ்வொரு மரணத்தின் காரணமும் தாய் மரண மீளாய்வில் தனியாகப் பேசப்பட வேண்டியது. அதை வீதத்தில் தேடிப் பயனில்லை.