மேசைக்கு அடியிலா, மண்ணுக்கு அடியிலா?

1950களில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள், அணுகுண்டு விழுந்தால் தப்பிக்க, மேசைக்கு அடியில் குனிந்து, பிடரியைக் கைகளால் மூடிப் பழகினார்கள். அணுகுண்டு விழும் இடத்தில் இது எதற்கும் உதவாது. தொலைவிலோ, ஒளி முதலில் வரும். அதிர்வலை தாமதித்தே வரும். 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர வானில் விண்கல் வெடித்தபோது, வெளிச்சம் பார்க்க ஜன்னலருகே நின்றவர்களைத்தான் கண்ணாடிச் சில்லுகள் கிழித்தன. குனிந்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள்.

சுவிட்சர்லாந்து 1963இல் சட்டம் போட்டு, வீடுகளுக்கு அடியில் கான்கிரீட் காப்பறைகள் கட்ட வைத்தது. குண்டு வெடித்தபின் விழும் கதிரியக்கத் தூசிக்கு இதுவே சரியான தடுப்பு, அது தணியும்வரை உள்ளேயே இருக்கலாம்: வெடித்து ஒரு மணி நேரத்தில் இருந்த கதிர்வீச்சு, 7 மணி நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடும், இரண்டு நாளில் நூறில் ஒன்று. என் மனம் காப்பறைப் பக்கம்தான். ஆனால் அதற்குள் போய்ச் சேர நேரம் வேண்டுமே! குனிவதற்கு இரண்டு நொடி போதும். அதையும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும்.