பாய்மரப் படகில் பேட்டரி: நாலு வருஷம் ஓட்டிப் பார்த்தது

மல்லிப்பட்டினத்துக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் நடுவில் எங்கள் கரை. படகு 22 அடி ஃபைபர். பாய் உண்டு, காற்று விழுந்தால் கரை சேர 9.9 குதிரைச் சக்தி அவுட்போர்டு இன்ஜினும் உண்டு. நண்டு வலையைச் சாயங்காலம் விட்டால் விடிந்துதான் எடுப்போம். சில தடவை இரண்டு ராத்திரி கடலிலேயே தங்கல்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டுக்கும் ஆச்சு, படகுக்கும் ஆச்சு என்று 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி, 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் எடுத்தால் 1 ஏஹெச்) டியூபுலர் பேட்டரி ஒன்று வாங்கினோம், ஈயமும் ஆசிடும் உள்ள வகை. அது வீட்டுக்கான பொருள்தான். சோழகக் காற்றில் படகு ஒருபக்கம் சாய்ந்தே ஓடும். மூடி வழியாக ஆசிட் கசிந்து, பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த நைலான் கயிற்றில் இறங்கியிருக்கிறது. நங்கூரம் போட எடுத்தேன், கயிறு இழை இழையாகக் கையோடு வந்துவிட்டது. அதோடு ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். நாங்கள் விளக்கு மங்கும்வரை இழுப்போம். இரண்டே வருஷத்தில் போய்விட்டது.

அடுத்ததை வாங்கும் முன் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு செலவாகிறது என்று மீட்டர் வைத்து எழுதினேன். பாய்மர உச்சி எல்இடி 0.2 ஆம்பியர்தான், 11 மணி நேரத்துக்கு 2.2 ஏஹெச். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்த பெட்டி 10 மணி நேரத்தில் 8. வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே 14 மணி நேரத்துக்கு 5.6. வலை எடுக்கிற விளக்கு 3, இரண்டு போன் 3, தண்ணீர் இறைக்கும் பம்பு 1. ஆகமொத்தம் கிட்டத்தட்ட 23 ஏஹெச். வெயிலே இல்லாமல் இரண்டு ராத்திரி என்றால் 46. ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் 100 வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுக்கலாம், 60 போதும். ஏழெட்டு கிலோதான் கனம். 2021 தையில் அதைத்தான் வாங்கினேன். விலை கை கடித்தது உண்மை.

எண்ணிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. தின்பது பெரிய பொருள் இல்லை, ராத்திரி முழுக்க அணையாமல் கிடப்பதுதான். நங்கூரம் போட்டபின் எக்கோ சவுண்டரை அணைத்தாலே 5 ஏஹெச் மிச்சம்.

வயரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய பேட்டரி இருந்த காலத்தில் வயர்லெஸ் நன்றாகக் கேட்கும். பேசுகிற பொத்தானை அமுக்கினால் செட்டே அணைந்துவிடும். “மாப்ளே, பேட்டரி செத்துப்போச்சுடா” என்றார் மாமா. நானும் நம்பினேன். 25 வாட்டில் பேசும்போது செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து செட்டுக்கு 6 மீட்டர், போக வர 12. போட்டிருந்த 1.5 சதுர மி.மீ. வயரிலேயே 0.8 வோல்ட் காணாமல் போய்க்கொண்டிருந்தது. 6 சதுர மி.மீ. வயர், ஈயம் பூசிய செம்பாகப் பார்த்துப் போட்டேன். இழப்பு 0.2-க்கு வந்தது. ஆபத்தில் 16-ஆம் சேனலில் கூப்பிட வேண்டிய செட் அது. பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் வயரைப் பாருங்கள்.

சோலார் முதலில் 100 வாட் பேனல் ஒன்று. பங்குனி உச்சி வெயிலில் 4.8 ஆம்பியர் வரும். பாயின் நிழல் குறுக்கே விழுந்ததும் 1.6. கால்வாசி நிழல்தான், ஆனால் செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் மொத்தமும் படுத்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு இரண்டு 50 வாட், பக்கத்துக்கு ஒன்றாக, இணையாக இணைத்தேன். எந்தப் பக்கம் பாய் திரும்பினாலும் ஒன்றாவது வெயிலில் இருக்கும். நல்ல நாளில் 25 ஏஹெச் ஏறுகிறது. கார்த்திகை மூட்டத்தில் 7 வந்தால் பெரிது. சார்ஜுக்காக இன்ஜினை ஓடவிட எனக்கு மனசில்லை. அடியில் கடல்புல். அதை மேயும் ஆவுளியாவுக்காக (கடல்பசு) 2022-ல் பாதுகாப்பகமாக அறிவித்த 448 சதுர கி.மீ. நம் பாக் கடலில்தான் இருக்கிறது.

நாலு வருஷத்துக்குப் பின் 5 ஆம்பியர் லோடு வைத்து முழுசாக இறக்கிப் பார்த்தேன். 11 மணி நேரம் தாங்கியது, அதாவது 55 ஏஹெச். எனக்குத் திருப்தி. வாடைக் காலத்தில் படகைக் கரையேற்றும்போது பாதி சார்ஜில் நிறுத்தி, வயரைக் கழற்றி, வீட்டுக்குள் நிழலில் வைத்துவிடுவேன்.

ஒரே குறை, லித்தியம் சாடை காட்டாது. கடைசிவரை 13 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்று, காலியானதும் உள்ளே இருக்கிற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) பட்டென்று வெட்டிவிடும். ஒரு ராத்திரி அப்படித்தான் படகு மொத்தமும் இருட்டானது. தூரத்தில் விசைப்படகுகளின் வெளிச்சம், நாங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மாமா விடியும்வரை டார்ச்சைப் பாய் மேல் அடித்துக்கொண்டே இருந்தார். மறுவாரமே எவ்வளவு ஏஹெச் மிச்சம் என்று எண்ணிக் காட்டும் ஷன்ட் மீட்டர் மாட்டினேன். உச்சி விளக்குக்கு மட்டும் தனியாக 7 ஏஹெச் சின்ன பேட்டரி. வேறு எதையும் அதில் இணைப்பதில்லை, போன்கூட.